சக்கரத்தை விட்டுவிடுங்கள், ப்ளீஸ்

போன வாரம் மறுபடியும் ஒன்று. மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன், திருத்தித் தரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தான். முதல் வரியே இப்படி: "ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர் அண்ட் ஐ கேன் ரீஇன்வென்ட் த வீல்." இந்த வருஷத்தில் எனக்கு இது ஐந்தாவது. நாலு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும் சேர்ந்தாயிற்று.

அகமதாபாத்தில் குஜராத்தி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். (இங்கே டீச்சரை 'பேன்' என்று கூப்பிடுவார்கள். அக்கா, தங்கை என்று அர்த்தம். தலையைச் சொறியாமல் திரும்பிப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.) இதைத் தமிழில் எழுதக் காரணம், இதே ஊர் மணிநகர்ப் பகுதியின் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் இதே தப்பைச் செய்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களாவது படிக்கட்டும்.

'ரீஇன்வென்ட் த வீல்' என்றால், ஏற்கெனவே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற ஒன்றை முதலிலிருந்து செய்து நேரத்தை வீணாக்குவது. அதாவது வேலை கொடுப்பவரிடம் போய், 'உங்கள் நேரத்தை நான் வீணடிப்பேன்' என்கிறான் பையன். அதுவும் கடினமாக உழைத்து.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. குஜராத்தியில் 'ஷோத்' என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. சாவியைத் தேடுவது 'ஷோத்வும்'. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்ததும் ஷோத், பெல் டெலிபோன் செய்ததும் ஷோத். அதனால் 'கொலம்பஸ் இன்வென்டட் அமெரிக்கா' என்று வருஷா வருஷம் யாராவது எழுதித் தருவார்கள். நாம் சிரிக்க வேண்டாம். தமிழிலும் கொலம்பஸ் கண்டுபிடித்தார், பெல்லும் கண்டுபிடித்தார். தேடுவதற்கு மட்டும் நம்மிடம் தனிச் சொல் இருக்கிறது. இன்வென்ட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கே 'எதிர்ப்படு, கண்டடை' என்றுதான் பொருள். ஆக, பிள்ளைகள் சரிதான், இரண்டாயிரம் வருஷம் தாமதம்.

ஆனால் போனில் இருக்கிற அகராதி 'திரும்பவும் கண்டுபிடி' என்று சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 'ரீ என்றால் மறுபடி' என்று எந்தப் புண்ணியவான் நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தாரோ! ரீசார்ஜ், ரீஃபில், ரீசெக் எல்லாவற்றிலும் அது சரி. அதே வேலை, இன்னொரு தடவை. சார்ஜ் தீரும், அதனால் ரீசார்ஜ். கண்டுபிடிப்பு தீருமா? டெலிபோனை ஒருமுறை கண்டுபிடித்த பிறகு, நீங்கள் இன்னொரு முறை கண்டுபிடிக்க அதில் என்ன பாக்கி? ஒன்றுமில்லை. 'மறுபடி' நிற்க அங்கே இடமில்லை, அதனால் பொருள் நகர்ந்துவிட்டது. ஒரு பக்கம் வெட்டி வேலை. இன்னொரு பக்கம், பழைய பொருளையே அடையாளம் தெரியாத அளவுக்குப் புதிதாக்குவது. இந்த இரண்டாவதற்குக் குஜராத்தியில் 'காயாபலட்' என்று அருமையான சொல் இருக்கிறது. வீட்டில் புழங்குகிற அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போனைத் தடவுகிறார்கள்.

வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது ராட்டை. குஜராத்தியில் 'ரேண்டியோ'. காந்திக்கு அது தேவைப்பட்டபோது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. கங்காபென் மஜும்தார் என்ற பெண்மணி குஜராத் முழுக்க அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், உதவாது என்று பரணில் ஏற்றியிருந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். இது ஃபைண்ட். இன்வென்ட்டும் இல்லை, ரீஇன்வென்ட்டும் இல்லை. 1929இல் நல்ல ராட்டைக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அப்புறம் எரவாடா சிறைப் பெயரால் அழைக்கப்படும் பெட்டி ராட்டை வந்தது. நின்றுகொண்டிருந்த சக்கரம் படுத்துக்கொண்டது, பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம், மூடினால் கையில் தூக்கிப் போகலாம். நூற்பது அதே நூற்பு. இதுதான் ரீஇன்வென்ட்.

"அப்போ காந்திஜி ரீஇன்வென்டட் த வீல் என்று சொல்லலாமா, பேன்?" ஒரு சுட்டிப் பெண் கேட்டாள். ஸ்பின்னிங் வீல் என்று முழுசாக எழுது, இல்லாவிட்டால் காந்தி வெட்டி வேலை பார்த்ததாக ஆகிவிடும் என்றேன்.

காக்ரா (அப்பளம் மாதிரி மொறுமொறுக்கும் மெல்லிய ரொட்டி) கடைக்காரர் மகனுக்கு வேறு சந்தேகம். மேத்தி, ஜீரா என்று இருந்த காக்ராவில் அப்பா பீட்சா மசாலா தூவுகிறார், அது ரீஇன்வென்ட்டா? இல்லை ராஜா, அது புது ருசி. தோசை மாதிரி மடித்து 'தோசா காக்ரா' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதற்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன். தமிழச்சி என்பதால் கொஞ்சம் தயக்கத்தோடு.

சரி, இனி கவனம். கடைக்குப் பெயின்ட் அடித்தால் ரெனவேட். மறந்துபோனது மீண்டும் கண்ணில் பட்டால் ரீடிஸ்கவர். 'ரீஇன்வென்ட் அகெய்ன்' என்று எழுதுகிறவர்கள் 'ரிட்டர்ன் பேக்' கட்சி, அவர்களோடு எனக்குத் தனி வழக்கு இருக்கிறது. ஆளைப் பற்றிச் சொல்லும்போது ஹிம்செல்ஃபை விழுங்காதீர்கள். 'மை அங்கிள் ரீஇன்வென்டட்' என்று நிறுத்தினால், மாமா எதை என்று நான் எங்கே போய்த் தேடுவேன்? முக்கியமாக, முழுசாகப் புரியாத மரபுத்தொடரை வேலை விண்ணப்பத்தில் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். 'ஐ லேர்ன் ஃபாஸ்ட்' என்று மூன்றே சொல்லில் எழுதினால் எந்த எச்.ஆரும் அடிக்க வரமாட்டார்.

அந்தப் பையனின் சக்கரத்தைச் சிவப்பு மையில் அடித்து, காரணமும் எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: "தேங்க் யூ பேன், ஐ வில் ரீஇன்வென்ட் த லெட்டர் அண்ட் சென்ட்."

'ரீரைட்' என்று மட்டும் பதில் போட்டேன்.