பிரேக்கப் சாங்: பிரிவுப் பாடலா, முறிவுப் பாட்டா?

காதலோ மணவாழ்க்கையோ முறிந்துபோன பிறகு, அந்த முறிவையே பொருளாக வைத்துப் பாடப்படும் பாட்டுக்கு இன்று வழங்கும் பெயர் ‘பிரேக்கப் சாங்’. பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்களின் பேச்சில் இது தமிழ்ச் சொல்லைப் போலவே புழங்குகிறது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் எழுதும்போது இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமென்று தேடுபவர்கள் பெரும்பாலும் ‘பிரிவுப் பாடல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது என்பதற்குத் தமிழ் இலக்கணத்திலேயே காரணம் இருக்கிறது.

முதலில் எழுத்துமுறை. தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. ஆகவே ‘ப்ரேக்கப்’ என்பதைவிட ‘பிரேக்கப்’ என்று எழுதுவதே முறை. வல்லின மெய் சொல்லின் இறுதியிலும் நில்லாது என்பதால், திருநெல்வேலிப் பேச்சில் அது தானாகவே ஓர் உகரம் பெற்று ‘பிரேக்கப்பு’ ஆகிவிடுகிறது. இலக்கணம் படிக்காதவர் வாயிலும் இலக்கணம் வேலை செய்வதற்கு இது நல்ல சான்று. வினையாக்கும்போது ‘ஆயிட்டு’, ‘பண்ணிட்டா’ என்ற இரண்டு துணைவினைகளைச் சேர்க்கிறார்கள். ‘பிரேக்கப் ஆயிட்டு’ என்றால் யார்மீதும் பழி இல்லை. ‘பிரேக்கப் பண்ணிட்டா’ என்றால் செய்தவர் இன்னார் என்று சுட்டியாகிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர்ச்சொல் ஒன்றே. பழியை யார் தலையில் வைப்பது என்பதைத் தமிழ்த் துணைவினை தீர்மானிக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வேர் ‘உடை’ என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வினை. ‘அப்’ என்ற ஒட்டு சேர்ந்ததும், ஒன்றாக இருந்தது பல துண்டாதல் என்ற பொருள் வந்தது. குளிர்நாடுகளில் உறைந்த ஆறு இளவேனிலில் பாளம் பாளமாக உடைவதையும், இங்கிலாந்தில் பருவ இறுதியில் பள்ளிக்கூடம் கலைவதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். இருவர் உறவு உடைவதைக் குறிப்பது இவற்றின் நீட்சிதான். வண்டியை நிறுத்தும் பிரேக்கும் இந்த பிரேக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துக்கள் உடையவை. தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவதால் இரண்டையும் இணைத்து வேடிக்கையாகப் பொருள் சொல்வார் உண்டு. அந்த விளக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மேலைநாட்டுப் பாப் இசையில் இத்தகைய பாட்டு தனி வகையாக வளர்ந்ததற்கு, பாடுபவரே எழுதுபவராகவும் இருப்பது முதற்காரணம். பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அது பாடகரே. ‘நீ’ என்று வந்தால் அது நாளிதழில் படம் வந்த இன்னொரு பிரபலமாக இருக்கக்கூடும். கேட்பவரின் ஆவல் இசையில் பாதி, ‘அந்த நீ யார்?’ என்ற கேள்வியில் மீதி. அமெரிக்கப் பாடகி கார்லி சைமன் 1972இல் வெளியிட்ட ‘யூ ஆர் சோ வெய்ன்’ என்ற பாட்டில் தற்பெருமைக்காரன் ஒருவனை இடித்துரைக்கிறார். அவன் யார் என்பதைப் பல பத்தாண்டுகள் அவர் சொல்லவில்லை. இரண்டாம் சரணம் நடிகர் வாரன் பீட்டியைப் பற்றியது என்று 2015இல்தான் ஒப்புக்கொண்டார். ஃபிளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவில் நிலைமை இன்னும் சிக்கலானது. காதலர்களாக இருந்த லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்த பிறகும் ஒரே குழுவில் இருந்தார்கள். 1977இல் வந்த ‘ரூமர்ஸ்’ தொகுப்பில் அவர் இவரைக் குறித்து ஒரு பாட்டும், இவர் அவரைக் குறித்து ஒரு பாட்டும் எழுதினார்கள். தன்னைக் குறை சொல்லும் பாட்டுக்கு நிக்ஸே பின்னணிக் குரலும் கொடுத்தார். நம் ஊர் வழக்கில் சொல்வதானால் அது எசப்பாட்டு. ஆனால் எசப்பாட்டில் எதிராளிக்குத் துணைக்குரல் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அண்மைக் காலத்தில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் சொல்வது, கொலம்பியப் பாடகி ஷகிரா அர்ஜென்டினாவின் இசைத் தயாரிப்பாளர் பிசாராப்புடன் சேர்ந்து 2023 ஜனவரியில் வெளியிட்ட பாட்டு. பார்சிலோனா கால்பந்து வீரராக இருந்த ஜெரார்ட் பிக்கேயும் ஷகிராவும் பத்தாண்டுக்கு மேல் இணைந்து வாழ்ந்து, இரண்டு ஆண் குழந்தைகளைப் பெற்று, 2022 ஜூனில் பிரிவை அறிவித்தவர்கள். ஸ்பானிய மொழியில் அமைந்த அந்தப் பாட்டில் பெயரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் ‘உன்மேல் தெறித்தால் மன்னித்துக்கொள்’ என்று பொருள்படும் தொடரில், ‘தெறித்தல்’ என்பதற்கான சொல்லின் கடைசிப் பகுதியை அழுத்தி உச்சரித்தால் ‘பிக்கே’ என்று ஒலிக்கும். ‘தெளிவாக’ என்பதற்கான சொல்லின் முற்பகுதியைப் பிரித்தால் அவருடைய புதிய தோழியின் பெயர் கிடைக்கும். ஒரு சொல்லைப் பிரித்து வேறு பொருள் கொள்ளவைக்கும் இந்த உத்திக்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வைத்திருக்கும் பெயர் பிரிமொழிச் சிலேடை. காளமேகப் புலவரின் பாட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் இதை மொழி தெரியாமலே பாராட்ட முடியும். ஃபெராரி காரைக் கொடுத்து மலிவான டுவிங்கோவையும், ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தைக் கொடுத்து மலிவான காசியோவையும் வாங்கிக்கொண்டாய் என்ற ஏசலும், பெண்கள் இனி அழுவதில்லை, கணக்குப் போட்டு வசூலிக்கிறார்கள் என்ற அறிவிப்பும் பாட்டில் உண்டு. வெளியான முதல் 24 மணி நேரத்தில் யூடியூபில் 6 கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்ட அப்பாட்டு, அதே ஆண்டு நவம்பரில் லத்தீன் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த பாட்டாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தமிழில் இந்த வகைக்குப் பழகிய பெயர் இல்லாததற்குக் காரணம், நம்முடைய வெகுமக்கள் இசை நெடுங்காலம் திரைப்படத்தின் உள்ளேயே இருந்தது. 1953இல் வந்த ‘தேவதாஸ்’ படத்துக் கண்டசாலா பாட்டுகளைக் கேட்டு அழுதவர்கள், அழுதது தேவதாஸ் என்ற பாத்திரத்துக்காக. எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், திரையில் வாயசைத்தவர் வேறொருவர். இவர்களில் யாருடைய முறிவு அது என்ற கேள்விக்கே இடமில்லை. அதனால் ‘காதல் தோல்விப் பாட்டு’, ‘சோகப் பாட்டு’ என்ற பெயர்களே போதுமானவையாக இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ரேடியோ செட்காரர் தவறிப்போய் அப்படியொரு பாட்டைப் போட்டுவிட்டால், பெரியவர்கள் பந்தலிலிருந்தே சத்தம் கொடுத்து நிறுத்தச் சொல்வார்கள்; அவர்கள் கணக்கில் அது அபசகுனப் பாட்டு, அவ்வளவுதான். 2011 நவம்பரில் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையமைத்து வந்த ‘கொலவெறி’ப் பாட்டு தன்னைத்தானே ‘சூப் சாங்’ என்று அறிமுகம் செய்துகொண்டது. அதன் பிறகு சில ஆண்டுகள் ‘சூப் பாய்’ என்ற சொல் ஊரெங்கும் புழங்கிற்று. சோகத்தைத் தானே கேலி செய்துகொள்ளும் தொனி அச்சொல்லில் இருந்தது உண்மை. ஆனால் அது ஆண் புலம்பலுக்கு மட்டும் உரிய சொல்லாக நின்றுவிட்டது.

‘காதல் தோல்வி’ என்பதை ஏற்க முடியாததற்குக் காரணம் வேறு. தோல்வி என்றால் வென்றவர் ஒருவர் இருக்கவேண்டும். ஷகிராவின் பாட்டில் தோற்றவர் குரலே இல்லை. ‘சோகப் பாட்டு’ என்பதும் பொருந்தாது. இவ்வகைப் பாட்டுகளில் பல கோபத்தாலும் எள்ளலாலும் விடுதலையுணர்வாலும் ஆனவை, ஆடுவதற்கு ஏற்ற தாளத்தில் அமைந்தவை.

இனி ‘பிரிவு’. தொல்காப்பியம் பாலைக்குரிய பொருளாகப் பிரிவைச் சொல்லும்போது, ஓதல், பகை, தூது, பொருள்தேடல் போன்ற காரணங்களைக் காட்டுகிறது. இவற்றுள் எதிலும் அன்பு தீர்ந்துபோவதில்லை. போனவன் வருவான் என்பதே அந்தப் பிரிவின் அடிப்படை. அதனால்தான் திருக்குறளில் 116ஆம் அதிகாரம் ‘பிரிவாற்றாமை’யாக இருந்தும், நூல் 133ஆம் அதிகாரத்தில் ‘ஊடலுவகை’யாக முடிகிறது. வேலைக்காகத் துபாய்க்குப் போன கணவனை நினைத்து மனைவி பாடினால் அது பிரிவுப் பாடல். ‘இனி இந்த வாசலை மிதிக்காதே’ என்று பாடுவதற்கு அப்பெயர் இட்டால், ஈராயிரம் ஆண்டு வழக்கோடு முரண்படுகிறோம். ‘விலக்கு’ என்ற சொல்லையும் சிலர் முன்வைப்பதுண்டு, ‘மணவிலக்கு’ என்பதை ஒட்டி. திருநெல்வேலிச் சீமையில் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது: நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் சாலை பிரியும் இடத்துக்கு இங்கே பெயர் விலக்கு. கோயம்புத்தூர்க்காரர் ‘பிரிவு’ என்று டிக்கெட் கேட்கும் இடத்தில் நம்மவர் ‘விலக்கு’ என்று கேட்கிறார்.

ஊர்ப் பேச்சிலிருந்தே எடுக்கலாமே என்றால், கையில் இருப்பவை மூன்று. ‘கழட்டி விட்டுட்டா’ என்பது ஒருவர் செய்த செயலை மட்டும் சொல்கிறது. ‘அல்வா குடுத்துட்டா’ என்பது ஏமாற்றத்தைச் சொல்கிறது. அல்வாவை ஊர்ப்பெருமையாகக் கொண்டவர்கள் அதையே ஏமாற்றுக்குப் பெயராகவும் சொல்லிக்கொள்வது வேடிக்கைதான். ‘அத்துவிட்டாச்சு’ என்பது பழைய, வலுவான வழக்கு. நாலு பேர் முன்னிலையில் மணவுறவைத் தீர்த்துவிடுவதைக் குறிப்பது. ஆனால் அதன் வேரான ‘அறு’, தாலியறுத்தல், அறுதலி என்று கைம்மையையும் வசையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பாட்டு வகையின் பெயருக்கு அந்தச் சுமை ஆகாது.

எஞ்சுவது ‘முறிவு’. எலும்பு முறிவு, பேச்சுவார்த்தை முறிவு, மணமுறிவு என்று உடைந்தது மீண்டும் பழையபடி ஆகாத இடங்களில் தமிழ் இச்சொல்லைத்தான் நாடுகிறது. யார் முறித்தார் என்று அது சொல்வதுமில்லை. பால் முறிந்தது என்பதும், உறவு முறிந்தது என்பதும் ஒரே வினை. ‘முறி’ என்பதற்குத் தளிர் என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. ‘முறிமேனி’ என்று வள்ளுவர் காதலியின் மேனியைப் புகழ்வது (குறள் 1113) அப்பொருளில். இன்னொரு பொருள் நாட்டு வைத்தியத்தில் உயிரோடு இருக்கிறது: கடித்த நஞ்சை மாற்றும் மருந்து ‘விஷமுறிவு’. முறிந்ததைப் பற்றிய பாட்டாகவும், முறித்து எடுக்கும் பாட்டாகவும் ‘முறிவுப் பாட்டு’ என்ற தொடர் நிற்கக்கூடும் என்பதால் எனக்கு இச்சொல்லின்மீது பிடிப்பு கூடுதல்.

பிரபலங்களின் முறிவுப் பாட்டுக்குத் தமிழ் மரபில் இடம் எது என்ற கேள்வி தனியானது. ‘மக்கள் நுதலிய அகனைந் திணையும், சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது தொல்காப்பிய விதி: காதலைப் பாடும் அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டக்கூடாது. பெயர் வந்தால் அது புறம். இதன் கடுமைக்கு நெடுநல்வாடை சான்று. பிரிந்த தலைவியையும் பாசறைத் தலைவனையும் பாடும் அந்தப் பாட்டில் பெயரே இல்லை. ஆனால் வேலின் தலையில் வேப்பமாலை கட்டியிருப்பதாக ஓர் அடி வருகிறது. வேம்பு பாண்டியனின் மாலை என்பதால், அந்த ஒரு குறிப்பே போதும், அது புறப்பாட்டு என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பெழுதினார். நெடுநல்வாடை இடம்பெற்ற பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடித்தான் உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். 1889இல் அந்நூல் அச்சேறியது. வேப்பமாலை செய்த வேலையைத்தான் ஷகிராவின் சிலேடையும் செய்கிறது. கார்லி சைமன் 2015வரை அகத்தில் நின்று, பிறகு புறத்துக்கு வந்தவர்.

புறத்தில் இதற்கு நேரான துறையே இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான். சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நால்வர் அதைக் குறித்துப் பாடிய ஐந்து பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை வரிசையாக இருக்கின்றன. குழல் அழுவதுபோல அவள் அழுதாள் என்கிறார் கபிலர். ‘பசித்தும் வாரேம்; பாரமும் இலமே’ என்று சொல்லி, நாங்கள் இரந்து கேட்கும் பரிசு இதுதான், அவளிடம் போ என்கிறார் பரணர். புகழ்பெற்ற ஒருவனின் இல்லற முறிவைப் பெயர் சொல்லிப் பாடிய இப்பாட்டுகளுக்கு இடப்பட்ட துறை, அதாவது உட்பிரிவு, குறுங்கலி; திணை, பொருந்தாக் காதலைக் குறிக்கும் பெருந்திணை. இன்றைய பாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது: அங்கே கைவிடப்பட்டவள் பாடவில்லை, அவளுக்காகப் புலவர்கள் வழக்காடுகிறார்கள், அவர்கள் கேட்பது மீண்டும் சேர்க்கை. ஆகவே குறுங்கலி என்ற பெயரை அப்படியே எடுத்து இன்றைய பாட்டுக்குச் சூட்ட முடியாது. நான்கு புலவர்கள் ஒரே குடும்பச் சிக்கலை எடுத்துப் பாடியிருக்கிறார்கள் என்பதால், இந்த ஆவல் நமக்கு அயல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று சொல்வதற்கும் இல்லை.

‘பாப்’ என்பதற்குத் துள்ளிசை, பரப்பிசை என்ற ஆக்கங்கள் இருக்கின்றன. ‘பாப் பாட்டு’ என்று எழுதினாலும் குற்றமில்லை. எழுதும்போது ‘முறிவுப் பாட்டு’ என்று வல்லெழுத்து மிகவேண்டும். ‘காதல்முறிவுப் பாட்டு’ என்றால் பொருள் இன்னும் விளங்கும். பெயர் தெரிந்தவரைக் குறித்த பாட்டாயின் ‘பிக்கேயைச் சுட்டி ஷகிரா பாடிய முறிவுப் பாட்டு’ என்று எழுதலாம். தொல்காப்பியர் பயன்படுத்திய ‘சுட்டி’ என்ற சொல்லே அந்த வேலைக்குப் போதும்.