தம்பட்டமும் பறைசாற்றலும்: ‘டாம்டாம்’ முதலான ஆங்கில வினைகளுக்குத் தமிழ்ச் சொற்கள்

இந்திய ஆங்கில நாளேடுகளில், குறிப்பாகத் தேர்தல் காலத்தில், அடிக்கடி கண்ணில் படும் வினை ‘டாம்டாம்’. ஓர் அரசோ கட்சியோ தான் செய்ததை, சில வேளைகளில் செய்ததைவிடக் கூடுதலாகவே, ஊரறியச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதை அது குறிக்கிறது. பிற நாட்டு ஆங்கிலத்தில் இச்சொல் கையால் தட்டும் ஒரு முழவின் பெயராகவே பெரிதும் அறியப்படுகிறது. அதை வினையாக்கித் தற்பெருமைப் பொருளை ஏற்றியது இந்திய ஆங்கிலமே.

இச்சொல் இந்திய மண்ணில் பிறந்தது. இந்திய ஆங்கிலச் சொற்களுக்கென யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இது எந்த ஒரு மொழிக்கும் தனியுரிமை இல்லாத ஒலிக்குறிப்புச் சொல் என்று கருதி, பல மொழிகளில் உள்ள இனச்சொற்களைக் காட்டுகிறது. சிங்களத்தின் ‘தம்மட்டம’வும் தமிழின் ‘தம்பட்டம்’ என்பதும் அவற்றுள் உண்டு. தமிழ்ச் சான்று அங்கே இடம்பெற்றதில் வியப்பில்லை. பர்னெல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர்.

ஆகவே ‘டாம்டாம்’ என்பதற்கு நிகராகப் புதுச்சொல் எதையும் ஆக்க வேண்டியதில்லை. ‘தம்பட்டம் அடித்தல்’ ஒலியாலும் பொருளாலும் அதற்கு உடன்பிறப்பு. ஆனால் இங்கே தமிழ் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காக்கிறது. ‘உன்னிடம் மட்டும் சொன்னதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாயே’ என்று ஒருவர் நொந்துகொள்ளும்போது, அதில் தற்பெருமை இல்லை. மறைக்க வேண்டியதை வெளியிட்ட குற்றமே இருக்கிறது. ‘தம்பட்டம் அடித்துக்கொள்கிறார்’ என்று ‘கொள்’ என்னும் துணைவினை சேர்ந்த பிறகுதான் செயல் தன்னை நோக்கித் திரும்பித் தற்புகழ்ச்சி ஆகிறது. நாளேட்டு மொழிபெயர்ப்பாளர்கள் இந்தத் துணைவினையை விட்டுவிடக் கூடாது.

‘பறைசாற்றுதல்’ என்பதை இதே பொருளில் எழுதுவோர் உண்டு, அது பொருந்தாது. ‘பறை’ கருவியின் பெயராக இருப்பதோடு சொல்லுதல் என்ற பொருளையும் உடையது. மலையாளத்தில் ‘பறயுக’ இன்றும் அன்றாடப் பேச்சில் ‘சொல்’ என்பதற்கு உரிய வினை. பறையும் முரசும் அறைந்து சொல்லப்பட்டவை அறைபவரின் பெருமைகள் அல்ல, ஊருக்கு உரிய செய்திகள். மணிமேகலையின் முதற்காதைக்கே ‘விழாவறை காதை’ என்று பெயர்: முரசை யானையின் பிடரில் ஏற்றி, முதுகுடிப் பிறந்த ஒருவன் இந்திர விழாவைப் புகார் மக்களுக்கு அறிவிக்கிறான், மூதூரை வாழ்த்திவிட்டு, தெருக்களையும் மன்றங்களையும் அணிசெய்யச் சொல்கிறான். பிற்காலத்தில் ‘தண்டோரா’, ‘தமுக்கு’ என்னும் பெயர்களோடு ஊர்களில் நீடித்த இவ்வழக்கத்தை, ஒலிபெருக்கி இருக்கும் காலத்தில் இது தேவையில்லை என்று கூறி, நிறுத்தும்படி தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பறையடிக்கும் வேலை குறிப்பிட்ட மக்கள்மீது சாதியின் பெயரால் சுமத்தப்பட்டிருந்த நெடுங்கால வரலாற்றை நினைத்தால், அது சரியான முடிவே. வழக்கம் போனாலும் ‘பறைசாற்று’ என்னும் வினை மொழியில் நிற்கும்: ‘கீழடி அகழாய்வு பழந்தமிழரின் நகர வாழ்வைப் பறைசாற்றுகிறது’ என்பது போல, ஐயமின்றி உலகறியச் செய்வதற்கு அதுவே உரிய சொல்.

அடுத்தது ‘டவுட்’ (tout). தமிழ் எழுத்தில் எழுதினால் ஐயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒன்றாகிவிடுவதால், இதைக் கட்டாயம் மொழிபெயர்த்தாக வேண்டும். பழைய ஆங்கிலத்தில் எட்டிப் பார்த்தல் என்று பொருள்பட்ட இவ்வினை, வாடிக்கையாளர் வருகிறாரா என்று பார்த்திருந்து அழைப்பதையும், பந்தயக் குதிரைகளின் பயிற்சியை ஒளிந்திருந்து நோட்டமிட்டுத் துப்பு விற்பதையும் குறித்து, இருபதாம் நூற்றாண்டில்தான் ஒன்றை மிகுத்துப் புகழ்தல் என்ற பொருளுக்கு வந்தது. நம் நீதிமன்றங்களில் வழக்குப் பிடித்துத் தரும் ஆளுக்கும் இதுவே பெயர். 1879ஆம் ஆண்டின் சட்டம் இத்தகையோரைப் பட்டியலிட வகை செய்தது, 2023இல் அந்த ஏற்பாடு வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. ஆளைக் குறிக்கையில் ‘தரகர்’ போதும். ‘அடுத்த முதல்வர் என்று பேசப்படுகிறவர்’, ‘அருமருந்து என்று தூக்கிப் பிடிக்கப்படுகிற பொடி’ என்பன வினைக்கு இயல்பான தமிழ். ‘விளம்பரப்படுத்தப்படுகிற’ என்பது இவ்விடங்களில் உயிரற்று நிற்கிறது.

‘புரொபகண்டா’ 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி கத்தோலிக்க நம்பிக்கையைப் பரப்ப நிறுவிய பேராயத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதன் மூலவினை தோட்டத்துக்கு உரியது. கொடியை வளைத்து மண்ணில் பதித்து வேர்விடச் செய்யும் வேலை, அதாவது நம் ‘பதியம் போடுதல்’. ‘பரப்புரை’ இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்த சொல். ஈழத் தமிழில் வேரூன்றித் தமிழகத்திலும் பரவலாகிவிட்டது. ஆங்கிலச் சொல்லில் இன்று ஒட்டியிருக்கும் வஞ்சனைப் பொருள் மட்டும் இதில் இல்லை. அது தேவைப்படும் இடத்தில் ‘பொய்ப் பரப்புரை’ என்று அடைமொழி சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு கொள்கைக்காக வாதிடும் ‘அட்வகேட்’ என்னும் வினை, இலத்தீனில் துணைக்கு அழைத்தல் என்ற பொருளில் தொடங்கியது. இதற்கு ‘வக்காலத்து வாங்குதல்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்பதில் கண்டனமே ஓங்கி நிற்கிறது. கொள்கையானால் ‘வலியுறுத்துகிறார்’, ஆளானால் ‘பரிந்து பேசுகிறார்’, வாயடைக்கப்பட்டவர்களுக்காகப் பேசுவதானால் ‘குரல் கொடுக்கிறார்’ என்று இடமறிந்து பிரித்து எழுதலாம்.