பெட்டி ஏன் செத்தது? எஸ்.யூ.வி.யில் பி.சி.எம். மாற்றும் முன் கேளுங்கள்

மழை இல்லாமலே வைப்பர் ஓடும். நடு ராத்திரியில் இண்டிகேட்டர் தானாக மின்னும். கதவுப் பூட்டு டக்கு டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி இறங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் திருநெல்வேலி ஆட்டோ எலக்ட்ரீசியன்களிடம் இந்த மாதிரி எஸ்.யூ.வி.கள் அடுத்தடுத்து வரும். பலர் கையில் ஏற்கனவே வேறு இடத்தில் வாங்கிய எஸ்டிமேட் இருக்கும். "பி.சி.எம். போயிட்டுன்னு சொல்லுதாவ அண்ணாச்சி, புதுசு மாத்தணுமாம்" என்பார்கள்.

விளக்கு, வைப்பர், பூட்டை நடத்தும் அந்தப் பெட்டியை மாற்ற வேண்டியதாகவும் இருக்கலாம். ஆனால் அது ஏன் போனது என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புதுப் பெட்டி போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். மழைக்காலத்தில் நேராகவே தண்ணீரில் போடுவது.

பி.சி.எம். என்பது பாடி கண்ட்ரோல் மாட்யூல். இன்ஜினுக்குத் தனிக் கம்ப்யூட்டர் உண்டு. இது விளக்கு, ஹாரன், வைப்பர், சென்ட்ரல் லாக், கண்ணாடி, உள்விளக்கு இவற்றைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர். பழைய ஜீப்பில் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால் கரண்ட் சுவிட்ச் வழியாகவோ ஒரு ரிலே வழியாகவோ நேராக பல்புக்குப் போகும். இப்போது சுவிட்ச் சேதி மட்டும்தான் சொல்கிறது; கரண்டைத் திறந்து விடுவது பெட்டி. பல வண்டிகளில் சாவியில் உள்ள சிப்பைச் சரிபார்த்து ஸ்டார்ட்டுக்கு அனுமதி கொடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. மற்ற மாட்யூல்களோடு இது பேசுவது கேன் எனப்படும் இரண்டு முறுக்கு ஒயர் வழியாக. பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட முறை அது. இன்றைக்கும் வண்டிகள் அதில்தான் ஓடுகின்றன.

இந்தப் பெட்டியைப் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில், பியூஸ் பாக்ஸை ஒட்டி, கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் வைத்திருப்பார்கள். வண்டிக்குள் வருகிற தண்ணீர் வந்து சேரும் இடமும் அதுதான்.

களக்காடு பக்கத்திலிருந்து ஒரு வாழை விவசாயியின் எஸ்.யூ.வி. வந்தது. முந்தைய மழையில் ஒரு பட்டறையில் பி.சி.எம். மாற்றியிருந்தார்கள். அடுத்த மழைக்கு அதே கோளாறு, அதே வரிசையில்: முதலில் பூட்டு, பிறகு வைப்பர், பிறகு பேட்டரி. பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றி கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் ஊறி வந்தது. பெட்டியின் சாக்கெட்டில் பின்கள் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் தண்டு இருக்கும் பள்ளத்தில் வேப்பிலை மக்கி மண்ணாகி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிட்டது. வடிய வழியில்லாத மழைத்தண்ணீர் பள்ளத்தில் நிரம்பி, ஒயர் நுழையும் ரப்பரின் ஓரமாக உள்ளே இறங்கி, ஒயரைப் பிடித்துக்கொண்டே பெட்டிவரை வந்திருக்கிறது. முதலில் பெட்டியை மாற்றியவர்கள் இலையை எடுக்கவில்லை. இரண்டாவது பெட்டியையும் அதே தண்ணீர் தின்றுவிட்டது. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரே சாமானுக்கு ஒருவர் இரண்டு தடவை அழுவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரையின் நான்கு மூலையிலிருந்தும் மெல்லிய குழாய்கள் தூண் வழியாக இறங்கும். அவை அடைத்தாலும் தண்ணீர் இதே இடத்துக்குத்தான் வரும். முன்கண்ணாடி மாற்றியபோது பசை சரியாக ஒட்டவில்லை என்றாலும் அப்படியே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த மழையை நம் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அந்த மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டி காய்ந்ததும் ஓடும். சாக்கெட்டுக்குள் அரிப்பு மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். பழைய எஸ்.யூ.வி. வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

தண்ணீருக்கு அடுத்தது எலி. பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். பானெட்டுக்குள் சூடும் மறைவும் கிடைக்கிறது. கடித்த ஒயர் முழுசாக அறுந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மேல்தோல் மட்டும் போய்ச் செம்பு வெளியே தெரிந்தால், குண்டு குழியில் ஆடும்போது மட்டும் பாடியில் தொட்டுக் கோளாறு காட்டும். டிரைவர் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி உள்ளே ஒயர் முறிந்திருக்கும். கண்ணாடி ஏறாது, பூட்டு விழாது. பழி பெட்டியின் மேல் விழும்.

கோயில் கொடைக்கு முன்னால் வண்டியை அழகு பண்ணுகிறோம் என்று தம்பிமார்கள் எக்ஸ்ட்ரா ஃபாக் லைட், பெரிய ஹாரன் எல்லாம் மாட்டுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒரிஜினல் ஒயரைச் சீவி அதில் முறுக்கிவிடுவதுதான் பெட்டியைக் கெடுக்கிறது. 55 வாட் பல்பு ஒன்று நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஜோடி போட்டால் ஒன்பதைத் தாண்டும். அந்த லைனை அவ்வளவு கரண்டுக்குக் கம்பெனி கணக்குப் போட்டு வைக்கவில்லை. தனி ரிலே வைத்து, பியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுக்கச் சொல்லுங்கள்.

நாங்குநேரி நாலுவழிச் சாலையில் பேட்டரி இறங்கி நின்றால் லாரிக்காரர்கள் இரக்கப்பட்டு, தங்கள் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் கொடுக்க வருவார்கள். நல்ல மனசு. ஆனால் லாரியில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். நம் வண்டி 12. அந்த இரட்டை வோல்ட் ஒரு நொடி ஏறினாலும் மாட்யூல்கள் கூட்டமாகப் போகக்கூடும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான். இன்னொரு காரிலிருந்து மட்டும் எடுங்கள்.

கோளாறு பார்க்கும் ஸ்கேனர் மாட்டினோம், யு0140 என்ற கோளாறு எண் வந்தது, ஆகவே பி.சி.எம். டெட் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த எண் சொல்வது, மற்ற மாட்யூல்கள் கூப்பிட்டபோது பி.சி.எம். பதில் சொல்லவில்லை என்பதை மட்டும்தான். பெட்டிக்குச் சப்ளை வராவிட்டாலும், எர்த் விட்டுப்போனாலும், கேன் ஒயர் அறுந்தாலும் அதே எண் வரும். ஆகவே மீட்டரை எடுக்காமல் யாரும் உங்களிடம் பெட்டி போச்சு என்று சொல்லக் கூடாது. நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் சுமாருக்கு இருக்கிறதா? லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் பெட்டியின் எர்த் பின்னுக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்கிறதா? பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் 6, 14-ஆம் பின்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 காட்ட வேண்டும்; கேன் ஒயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பதால் வரும் கணக்கு அது. 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ராத்திரியில் பேட்டரி இறங்குகிறதென்றால், வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் தூங்கவிட்டு கரண்ட் இழுப்பைப் பார்க்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. இவ்வளவும் பார்த்து, சப்ளை, எர்த், ஒயர் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி வேலை செய்யவில்லை என்றால்தான் அது பெட்டியின் கோளாறு.

அப்படியும் மாற்றவேண்டி வந்தால், பழைய இரும்புக் கடையில் அதே மாடல் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். சாக்கெட் பொருந்தும், ஹாரனும் அடிக்கும். ஆனால் அதற்குள் வேறொரு வண்டியின் 17 எழுத்துச் சேஸிஸ் நம்பரும் வேறொருவர் சாவியின் பதிவும் இருக்கும். சாவி பொருந்தாததால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். சில வண்டிகளில் கிலோமீட்டர் கணக்கு இந்தப் பெட்டியிலும் பதிவாகியிருப்பதால் மீட்டரில் குழப்பம் வரும். திருடனைத் தடுப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதை உடைத்துத் தருகிறேன் என்கிறவரிடம் உங்கள் சாவியைக் கொடுக்காதீர்கள். புதுப் பெட்டியே என் ஆலோசனை. பார்ட் நம்பரும் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். சன்ரூஃப், மழை சென்சார் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ஒரே மாடலில் அது மாறும்.

புதுப் பெட்டி வெறுமையாக வரும். உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரையும் அதில் உள்ள வசதிகளையும் எழுதி, சாவிகளைப் பழக்க வேண்டும். பழைய பெட்டிக்கு உயிர் இருந்தால் அதைக் கழற்றுவதற்கு முன்பே அதிலுள்ள அமைப்பைப் படித்துச் சேமித்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டுபோங்கள். பல வண்டிகளில் அந்த நேரத்தில் இல்லாத சாவி அதன் பிறகு வேலை செய்யாது. ஆர்.சி. புத்தகத்தையும், வண்டி வாங்கியபோது சாவியின் கோட் நம்பர் அட்டை கொடுத்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் நேரம் முழுக்க பேட்டரிக்கு வெளியிலிருந்து நிலையான சப்ளை கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். பாதியில் வோல்ட் இறங்கினால் புதுப் பெட்டியே பாழாகலாம். டேஷ்போர்டு பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருப்பது கட்டாயம். ஏர்பேக்கின் மஞ்சள் சாக்கெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

வேலை முடிந்ததும் அவசரப்படாமல் வண்டியில் உட்காருங்கள். ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொரு கண்ணாடி, எல்லாக் கதவுப் பூட்டு, எல்லாச் சாவி என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு, ஒரே தொடலில் ஏறி இறங்கும் ஆட்டோ வசதியைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும். முன்கண்ணாடிப் பள்ளத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கார்பெட் காய்ந்தே இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் பெட்டியின் பார்ட் நம்பர், சீரியல் நம்பர், பழைய பெட்டி போனதற்கான காரணம் மூன்றும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பழைய பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.