சித்திரை வெயிலில் ஓவர்க்ளாக்: மெஷினைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

முழுப் பரீட்சை முடிந்ததும் மன்னார்குடியில் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு கேமிங் மெஷின்கள் வரத் தொடங்கிவிடும். நீடாமங்கலம், கோட்டூர், முத்துப்பேட்டை, வேதாரண்யம் வரைக்கும் இருந்து தம்பிகள் கொண்டுவருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஓவர்க்ளாக் பண்ணிக் கொடுங்க, எஃப்பிஎஸ் ஏறணும்." ஓவர்க்ளாக் என்றால் சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை. நான் முதலில் ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பார்ப்பேன். பல மெஷின்கள் கம்பெனி கொடுத்த வேகத்திலேயே ஓடுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை மீட்பதுதான் முதல் வேலை. ஓவர்க்ளாக் அதற்கு அப்புறம்.

நம் ஊரில் முதல் எதிரி சுணை, அதாவது நெல்லிலிருந்து பறக்கும் அரிப்புத் தூசி. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். சம்பா, தாளடி அறுப்பு தை, மாசியில். அறுப்பு மெஷின் வயலில் இறங்கி, ரோட்டோரம் நெல் காயப் போடும் நாட்களில் காற்று முழுக்கச் சுணைதான். ரைஸ்மில் பக்கத்தில் வீடு என்றால் உமிச்சாம்பலும் சேரும். இதெல்லாம் ஈரக்காற்றோடு உள்ளே போய் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிந்துவிடுகிறது. ப்ராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு திக்கித் திக்கிப் போனால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கேபினட்டை வாசலுக்குக் கொண்டுபோய் ப்ளோயர் போடுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். சில வருடம் ஆன மெஷின் என்றால் ப்ராசஸர் மேல் காய்ந்து கிடக்கும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை இது, பட்டாணி அளவு போதும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரக்காரர்கள் ரேம் முனைகளையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துவிடுவது நல்லது. உப்புக்காற்றில் அந்த முனைகள் சீக்கிரம் மங்கிவிடுகின்றன.

அறையின் வெப்பமும் கணக்கில் வரும். எந்தக் காற்றுக் கூலராலும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நீங்கள் பார்க்கும் ஓவர்க்ளாக் வீடியோ ஏசி அறையில் 24 டிகிரியில் எடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் உங்கள் அறை 38 டிகிரி. அந்த 14 டிகிரியும் அப்படியே ப்ராசஸர் தலையில் ஏறும். மெஷினை மேசைக்குள் இருக்கும் மூடிய பெட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள், அதற்கே சில டிகிரி இறங்கும்.

அடுத்தது, செலவே இல்லாத சரிசெய்தல்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பார்கள், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60லேயே விட்டிருப்பார்கள். 3200 வேக ரேம் போட்டு, பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாததால் அது 2133லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும். ஒரே 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி ரேம் நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது, ஏனென்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் இதே ரேமைத்தான் பகிர்ந்து பயன்படுத்துகிறது. எமுலேட்டரில் (போன் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்கள் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் எவ்வளவு நல்ல ப்ராசஸரும் ஊர்ந்துதான் போகும்.

சரி, ஓவர்க்ளாக்குக்கு வருவோம். 1998ல் வந்த செலரான் 300ஏ ப்ராசஸரில் பஸ் வேகத்தை (சிப் வேகத்துக்கு அடிப்படையான மதர்போர்டு வேகம்) 66லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450ல் ஓடியது. ஒன்றரை மடங்கு! இன்றும் பலர் மனதில் இருப்பது அந்தக் காலத்து ஓவர்க்ளாக். இப்போது சிப்பில் மிச்சம் இருக்கும் அந்த வேகத்தைக் கம்பெனியே பூஸ்ட் என்ற பெயரில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஏஎம்டியின் ரைசன் 5 5600 அடிப்படையில் 3.5 கிகாஹெர்ட்ஸ், தானாகவே 4.4 வரை ஏறும். அதற்கு மேல் கையால் ஏற்றினாலும் கிடைப்பது சில சதவீதம்தான். இன்டெலின் ஐ5 12400எஃப் போன்றவை பூட்டப்பட்ட சிப்புகள். இன்டெலில் கே என்று முடியும் சிப்பும் இசட் வகை மதர்போர்டும் சேர்ந்தால்தான் ப்ராசஸரை முறையாக ஏற்ற முடியும். ஏஎம்டியில் ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. பி, எக்ஸ் வகைகளில் பெரும்பாலும் முடியும்.

அந்தச் சில சதவீதத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்திலும் ஏறும். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி, வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் சுமார் 40 சதவீதம் கூடும். வோல்டேஜ் அதிகமானால் சிப் தேயவும் செய்யும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் அவை நிலையில்லாமல் போயின. 2024ல் இன்டெலே இதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸைக் கட்டாயம் அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்த அப்டேட் சரிசெய்யாது, இனி தேயாமல் காக்கும். யுபிஎஸ் இல்லாமல் மட்டும் அதைச் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

கரண்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்று விடும் நேரத்தில் சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓட, வீட்டில் வோல்டேஜ் இறங்கும். இறங்க இறங்க, மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி அதிக ஆம்பியர் இழுக்கும். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் மேல் எவ்வளவு வாட் என்று எழுதியிருந்தாலும் நம்பி ஓவர்க்ளாக் செய்யாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்ட பிறகு மற்றதைப் பார்க்கலாம். அப்பாமார்களே, பையன் கேட்கும் கார்டுக்கு முன்னால் இந்தச் செலவைச் செய்துவிடுங்கள்.

அப்கிரேடுக்கு முன் எது இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கார்டும் ப்ராசஸரும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டுக் கேம் ஆடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 97, 99 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் எல்லை. அது 60 சதவீதத்திலேயே நின்று எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ப்ராசஸர் அல்லது ரேம். அடிக்கடி ஒரு நொடி நின்று நின்று போனால் ரேம் நிறைந்து ஹார்ட்டிஸ்க்கில் தேடுகிறது. எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் லோடு ஆகும், நின்று போவதும் குறையும், சராசரி எஃப்பிஎஸ் ஏறாது.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் மிகவும் கவனமாக இருங்கள். கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் எடுக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது, மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. முழுக் கார்டில் படம் வரையும் ஷேடர்கள் 2304, குறைந்த வகையில் 2048. காசு கொடுக்கும் முன் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிதாகவே கிடைத்தாலும் அது மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ லேன்களில் நான்கில் மட்டும் ஓடும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய போர்டில் போட்டால் அதன் வேகம் குறையும்.

எல்லாம் சரியாக இருந்து, இன்னும் முயன்று பார்க்க ஆசை என்றால், நம் ஊர் வெயிலுக்கு நான் சொல்வது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜையும் மின்சாரத்தையும் குறைப்பது. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பல கார்டுகளில் எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும். வெப்பமும் ஃபேன் சத்தமும் நன்றாகவே இறங்கும். ரைசனில் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் செட்டிங் இருந்தால் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுத்துத் தொடங்குங்கள். குறைந்த வோல்டேஜில் குளிர்ச்சியாக இருக்கும் சிப் தன் பூஸ்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். நீண்ட நேர ஆட்டத்தில் இதுதான் கைகொடுக்கிறது. எந்த மாற்றமானாலும் ஒவ்வொன்றாகச் செய்து, மதியம் இரண்டு மணிக்குச் சோதியுங்கள். மார்கழி இரவில் நிலையாக நின்ற செட்டிங் சித்திரையில் ப்ளூ ஸ்கிரீன் காட்டுவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

செட்டிங் மாற்றியதும் டிஸ்ப்ளே வரவில்லையென்றால் பதற வேண்டாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மறுபடி போடுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதைச் செய்து பார்க்காமல் போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் புதுப் போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.