பிராணாயாமம்: ஒரு கால் குறைந்தால்

எங்கள் தெருமுனை யோகா வகுப்புத் தட்டியில் ‘பிராணயாமம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ணகரத்துக்குத் துணைக்கால் இல்லை. எழுத்துப்பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் காலில்தான் பொருளே இருக்கிறது.

பலரும் பிராணன் + யமம் என்று பிரித்து ‘மூச்சை அடக்குதல்’ என்கிறார்கள். அப்படிச் சேர்ந்தால் நெடில் வராது. சொல் பிராண + ஆயாம. ‘அன்’ என்பது மூச்சுவிடுவதைக் குறிக்கும் வடமொழி வேர். ‘ப்ர’ முன்னொட்டு சேர்ந்து பிராணம் ஆயிற்று. ஆயாமம் என்றால் நீட்சி. நிறுத்துதல் என்ற பொருளும் அதற்கு உண்டு, யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி அந்தப் பக்கம்தான் சாய்கிறார்: உள்மூச்சு, வெளிமூச்சு இவற்றின் ஓட்டத்தைத் துண்டிப்பது என்கிறார்.

மனத்துக்கு உதவுவது என்னவோ நீட்சிதான். மணிக்கட்டில் விரல் வைத்து, மெல்ல மூச்சை விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது சற்று விரையும் நாடி, விடும்போது தளரும். விடுமூச்சு நீள நீள, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. வேலை முடிந்ததும் ‘அப்பாடா’ என்கிறோமே, அதுவும் நீண்ட விடுமூச்சுதான். பதற்றத்தில் ‘மூச்சு முட்டுது’ என்பவரிடம் போய் மூச்சைப் பிடித்து வை என்றால் இன்னும் முட்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? திருமந்திரத்தில் தலைப்பு பிராணாயாமம்தான். பாட்டுக்குள்ளே வளி, காற்று, கால் என்று வருகிறது. ‘ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும்’ என்பதில் கால் என்றால் காற்று. இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று மாத்திரைக் கணக்கும் தருகிறார் திருமூலர். (யூடியூபைப் பார்த்து இதை முயல வேண்டாம்.) சித்தர்கள் வழக்கில் ‘வாசி’. தொல்காப்பியப் புறத்திணை உரையில் நச்சினார்க்கினியர் யோகத்தின் எட்டு உறுப்புகளைச் சொல்லும்போது இதை ‘வளிநிலை’ என்கிறார்.

என் ஓட்டு வளிநிலைக்கே. ‘உயிர்வளிப் பயிற்சி’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் உயிர்வளியை ஆக்சிஜன் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. பேச்சில் மூச்சுப் பயிற்சி போதும், அது கொஞ்சம் அகலமான சொல் என்றாலும். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து உறிஞ்சச் சொல்கிறார்களே, அதுவும் மூச்சுப் பயிற்சிதான். அதைப் போய் வளிநிலை என்றால் பிசியோதெரபிஸ்ட் சிரிப்பார்.