இரண்டு கால், இரண்டு சத்தம்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்குப் பதினாறு வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. வால்ட்டில், அதாவது ஓடி வந்து மேசைமேல் கையூன்றித் தாவும் பிரிவில், தாவி இறங்கியபோது வலது முழங்கால் உள்பக்கமாக மடிந்து, ‘டப்’ என்று சத்தம் கேட்டிருக்கிறது. ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் முடிந்து, அது பதினோராவது வாரம். “இப்போது சுத்தமாக வலியே இல்லை டாக்டர். மாநிலப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது” என்றார் அம்மா. பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் பல ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்கிறேன். வலிக்கிறது என்று வருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. வலி அவர்களை அடக்கி வைத்திருக்கும். வலி போய்விட்டது என்று வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் ஜவ்வு அறுந்தால், தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசையை எலும்போடு இணைக்கும் ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு அங்கே பொருத்துகிறார்கள். எடுத்த இடத்திலேயே அந்த நாணுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. புது இடத்தில் உடல் அதை முதலில் இளக்கி, புது ரத்தக் குழாய்களை விட்டு, பிறகுதான் மெல்ல ஜவ்வாக மாற்றுகிறது. ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் நொய்ந்து இருக்கும். சிக்கல் என்னவென்றால், வீக்கம் வடிந்து, தையல் ஆறி, வடசேரி பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு ஓடிப் போய் ஏறலாம் என்று தோன்றுவதும் அதே வாரங்களில்தான். நட்ட வாழைக்கன்று பச்சையாக நிற்கிறது என்பதற்காக வேர் பிடித்துவிட்டது என்று நம் ஊர் விவசாயி யாரும் நம்புவதில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும்போது தெரியும்.

அன்று நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்தேன். முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு இரண்டு தொடைகளையும் அளந்தேன். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. “வீட்டில் பயிற்சி செய்கிறாயா?” என்று கேட்டேன். “செய்கிறேன்” என்றாள். “மக்களே, டாக்டரிடம் பொய் சொல்லாதே” என்றார் அம்மா. மாநிலப் போட்டிப் பேச்சு அதோடு நின்றது.

உலக அளவில் ஆடுகிறவர்களுக்கும் இதே முழங்கால்தான். பிரேசிலின் ரெபெக்கா ஆன்ட்ராடிக்கு 2015, 2017, 2019 என்று மூன்று முறை அதே வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் தங்கம் வாங்கினார். 2024 பாரீஸில் தரைப் பயிற்சியில் சிமோன் பைல்ஸை இரண்டாமிடத்துக்குத் தள்ளித் தங்கம் வாங்கினார். நம் தீபா கர்மாகர், 2016 ரியோவில் 15.066 புள்ளியோடு நான்காமிடத்தில் நின்றவர், 2017-இல் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கத்தோடு திரும்பினார். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், ஆகஸ்டில் ஆசிய விளையாட்டில் முழங்கால் மறுபடி தொல்லை கொடுத்தது. பெற்றோர்களிடம் தங்கத்தைவிட அந்த ஆகஸ்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன்.

1996 அட்லாண்டாவில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக், முதல் தாவலில் கணுக்கால் பிசகிய பிறகும் இரண்டாவது முறை தாவி ஒற்றைக் காலில் நின்ற காட்சியை இன்றும் கைபேசியில் காட்டிப் பிள்ளைகளுக்கு வீரம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த இரண்டாவது தாவல் இல்லாமலேயே அவருடைய அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பதினெட்டு வயதில் அவருடைய ஒலிம்பிக் பயணம் அங்கேயே முடிந்தது.

அடிபட்ட முதல் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பாதிக் காரியம் அன்றே கெட்டுவிடுகிறது. சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முழங்கால் உருண்டு வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கு எண்ணெய் போட்டு உருவுவதும் வெந்நீர் ஒற்றடமும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுக்க வைத்தால் போதும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் பலர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். வர்ம ஆசான்களைக் குறை சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெண்ணை முதலில் பார்த்த வயதான ஆசான் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது தடவுகிற காரியம் இல்லை, படம் எடுங்கள்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர் அப்படிச் சொல்ல எவ்வளவு மனத்துணிவு வேண்டும்!

சின்னப் பிள்ளைகளுக்கு முழங்காலைவிட மணிக்கட்டில்தான் தொல்லை அதிகம். கையில் உடல் எடையைத் தாங்கித் தாங்கி, எலும்பு நீளும் இடமான வளர்தட்டு நசுங்குகிறது. பட்டி சுற்றிக்கொண்டு தொடர்ந்தால் அந்த எலும்பு வளராமலே நின்றுவிடலாம். பின்னால் வளையும்போது மட்டும் இடுப்பு வலித்தால் முதுகெலும்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் அம்மாக்களிடம் தனியாகக் கேட்பேன்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? எடை கூடக் கூடாது என்று சாப்பாட்டைக் குறைக்கிற பெண்ணுக்கு அது நின்றுபோகும். கூடவே எலும்பும் வலுவிழக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பதில் வராது.

தக்கலைப் பெண் ஆபரேஷன் முடிந்த ஒன்பதாவது மாதம் வந்தாள். அதற்கு முன்னால் களமிறங்கினால் மறுபடி அறுந்துபோகும் ஆபத்து மிக அதிகம். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். தூரத்தில் இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தொடைச் சுற்றளவும் ஏறத்தாழச் சமம். ஆனால் இடது கால் பூனை குதிப்பதுபோல் ‘பொத்’தென்று இறங்கியது, வலது கால் ‘டக்’கென்றது. பயத்தில் முட்டியை மடக்காமல் விறைப்பாக இறங்குகிறாள். “கண்ணை மூடிக்கொண்டு கேள்” என்று மறுபடி தாவ வைத்தேன். மூன்றாவது தாவலில் அவளே சிரித்துவிட்டாள்.

இன்னும் ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்தேன். கம்பியில் சுழலும் பாரும், ஒடுக்கமான கட்டைமேல் செய்யும் பீமும் தொடங்கலாம், வால்ட் வேண்டாம், இறங்கிப் பழகுவது ஸ்பாஞ்ச் நிரப்பிய குழியில். பயிற்சியாளர் தாளைப் பார்த்துவிட்டு, “குழிக்கு நான் எங்கே போவேன் டாக்டர்?” என்று போன் செய்தார். இப்போது ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குச் சங்குத்துறை மணலில், ஒரு பழைய மர ஸ்டூலிலிருந்து அவள் குதித்துக்கொண்டிருக்கிறாள். மணலில் சத்தம் கேட்காது என்பதால், அவளுடைய தம்பி குனிந்து இரண்டு கால் பள்ளத்தின் ஆழத்தையும் ஸ்கேலால் அளக்கிறானாம்.