தனியாக வந்தால் வாடகைக்குத் துப்பாக்கி ஏன் தருவதில்லை?

டெக்சாஸில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பல வருடங்களாக இங்கேயே வசிக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கோபமாக போன் செய்தார். சனிக்கிழமை பொழுது போகட்டுமே என்று, காசு கொடுத்துத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமான ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போயிருக்கிறார். "தனியா வந்தா துப்பாக்கி வாடகைக்குத் தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது அவங்களுக்கு?" நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை, ஏனென்றால் கவுன்ட்டரில் யாரும் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் பொதுவானது. முதல் தடவை வருபவர் வாடகைத் துப்பாக்கி கேட்டால், துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்பது அமெரிக்காவில் பல ரேஞ்சுகளின் வழக்கம். கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இதைக் கட்டாயமாக்கவில்லை. தங்கள் இடத்தில் உயிர் போவதைப் பார்த்து, ரேஞ்ச்காரர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட விதி. காரணம் தற்கொலை.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். கொலைச் செய்திகள் டிவியில் வருகின்றன, இவை வருவதில்லை.

"சாக முடிவு பண்ணினவரை ஒரு விதி தடுக்குமா?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தடுக்கும். ஹூஸ்டனில் மரணத்தின் விளிம்பு வரை போய்ப் பிழைத்த 153 இளம் வயதினரிடம் பேசி 2001-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் நடுவே 5 நிமிடம்கூட இல்லை. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல ஆய்வுகள் சொல்வது. அந்த எண்ணம் அலை மாதிரி எழும், அடங்கும். அது அடங்கும் வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இலங்கையை நினைத்துப் பாருங்கள். 1990-களின் நடுவில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள், அடுத்த பத்து ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது.

துப்பாக்கி வியாபாரிகளே இதைக் கையில் எடுத்த கதை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்தது. 2009-ல் ஒரே வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்தில் இறந்துபோனார்கள். கடைக்காரர் ஆடிப்போய்விட்டார். பிறகு கடைக்காரர்களும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, வாடிக்கையாளர் மனம் கலங்கியிருந்தால் எப்படிக் கண்டுகொள்வது, எப்படி மறுப்பது என்று கையேடு எழுதினார்கள். மாநிலத்தின் துப்பாக்கிக் கடைகளில் ஏறக்குறைய பாதி, தற்கொலைத் தடுப்பு பற்றிய விளம்பரத் தாள்களை மாட்டின. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

சரி, விதி இருக்கிறது. அதைச் சொல்லும் விதம்தான் எனக்குக் கவலை.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மணமுறிவு, வேலையும் போயிருந்தது. ஒரு மதியம் தனியாக ரேஞ்சுக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் படிவ அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "முதல் தடவைன்னா கூட ஒருத்தர் வரணும். அது இருக்கட்டும், இன்னைக்கு நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லவில்லை. அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். அந்த பாட்டிலைக் கையில் பிடித்தபடி காரில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தார். அடுத்த வாரம் அண்ணன்தான் என்னிடம் கூட்டி வந்தார்.

"விதி அது, போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால்? கலங்கிப்போய் நிற்பவர் இன்னொரு கதவும் மூடியதாகத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் ரேஞ்ச் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும்போது, மறுக்கும் வாக்கியத்தை விட அதற்கு அடுத்த வாக்கியத்தைத்தான் அதிக நேரம் பழகச் சொல்கிறேன். ஒருமுறை ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற, ஆறடிக்கு மேல் உயரமான சேஃப்டி ஆபீசர் ஒருவர், "தற்கொலை எண்ணம் வருதா?" என்று கேட்டுப் பழகும்போது பாதியில் நிறுத்திவிட்டார். நாலாவது தடவைதான் முழுதாகக் கேட்டார். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயந்தாராம். அப்படி விதைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேராகக் கேட்டதும் பலருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது போல இருக்கிறது.

நீங்கள் ரேஞ்சுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் சண்டை போடாதீர்கள், அடுத்த வாரம் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் கொஞ்ச நாளாக ஒதுங்கி இருந்துவிட்டுத் திடீரென்று துப்பாக்கி பற்றிப் பேசினால், கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்தக் காலம் தாண்டும் வரை அது வேறு இடத்தில் இருக்கட்டும்.

அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம், சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050-ம் இருக்கின்றன. இலங்கையில் 1926. உங்களுக்காகவும் அழைக்கலாம், இன்னொருவருக்கு எப்படி உதவுவது என்று கேட்கவும் அழைக்கலாம்.